எஃப்.எஸ்.செக்கைக் கொஞ்சம் தள்ளிப் போடு

அன்புள்ள செல்வம்,

ஒரே ஒரு ஃபைலைத் தொட்டால் மட்டும் 117 என்ற பிழை எண் (ஃபைல் சிஸ்டம் கெட்டிருக்கிறது என்று பொருள்) வருகிறது, மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். இன்னும் ஃபைல் சிஸ்டத்தைப் பழுதுபார்க்கும் எஃப்.எஸ்.செக் கருவியை ஓட்டவில்லை என்று படித்ததும் எனக்கு நிம்மதி. அது டிஸ்க்கைச் சரிசெய்துவிடும். கூடவே தடயத்தையும் அழித்துவிடும். முதலில் அன்மவுண்ட் செய்து, இ2இமேஜ் என்ற கருவியை ரா ஆப்ஷனோடு ஓட்டி மெட்டாடேட்டாவை (ஃபைல்களின் உள்ளடக்கம் அல்ல, அவற்றைப் பற்றிய பதிவுகளை) நகல் எடுத்து வை. இனி செய்வதெல்லாம் அந்த நகலில்தான்.

உன் லினக்ஸ் ஃபைல் சிஸ்டமான எக்ஸ்ட்4, தன் முதல் பிழையை சூப்பர்பிளாக்கிலேயே, அதாவது தன்னைப் பற்றிய தலைமைப் பதிவிலேயே, எழுதி வைக்கும். பலர் அதைப் பார்ப்பதே இல்லை. அதைக் காட்டும் டம்ப்இ2எஃப்எஸ் கருவியில் தலைப்பகுதியை மட்டும் கேட்டால் முதல் பிழையின் நேரம், பிழையைக் கண்ட கர்னல் ஃபங்ஷனின் பெயர், வரி எண், ஐநோடு (ஒவ்வொரு ஃபைலுக்கும் உள்ள விவரப் பதிவு) எண் எல்லாம் வரும். கடைசிப் பிழைக்கும் அதேபோலத் தனியாக ஒரு பதிவு இருக்கும். ரீபூட் செய்தாலும் இவை போகாது, எஃப்.எஸ்.செக்தான் துடைக்கும். கர்னல் லாக்கை மட்டும் நம்பாதே: எக்ஸ்ட்4 பிழைச் செய்திகளை 5 விநாடிக்கு 10 என்று கட்டுப்படுத்துகிறது. பிழை வந்ததும் ரீட்-ஒன்லி ஆகும்படி மவுண்ட் செய்திருந்தால், அதன்பின் எழுதப்போகிற எல்லா புரோகிராமுக்கும் 30தான் (எழுத முடியாது என்ற பிழை எண்) கிடைக்கும். அந்த 30ஐத் துரத்திப் பயனில்லை.

அடுத்து ட்ரேஸ், அதாவது கர்னலுக்குள் எந்த ஃபங்ஷன் எதை அழைக்கிறது என்ற பதிவு. நகலை லூப் வழியாக (ஒரு ஃபைலையே டிஸ்க்காகக் காட்டும் முறை) ரீட்-ஒன்லியாக மவுண்ட் செய்து, கர்னலில் உள்ள ஃபங்ஷன் கிராஃப் ட்ரேசரைப் போடு. கர்னல் 6.5 முதல் அதில் ரிட்டர்ன் வேல்யூவையும் (ஃபங்ஷன் திருப்பித் தரும் மதிப்பு) காட்டச் சொல்லலாம், கர்னலைக் கட்டும்போது அந்த வசதியைச் சேர்த்திருந்தால். ஃபில்டரில் எக்ஸ்ட்4 என்று தொடங்குபவை மட்டும் போதும் என்று நினைக்காதே. ஐநோடைப் படிக்கிற முக்கிய ஃபங்ஷனின் பெயர் இரண்டு அண்டர்ஸ்கோரில் தொடங்குகிறது, அது தப்பிவிடும். பெயருக்கு முன்னும் பின்னும் நட்சத்திரம் போடு. எதையும் திருப்பாத வாய்ட் ஃபங்ஷன்களுக்கும் ஒரு எண் அச்சாகும். அது ரெஜிஸ்டரில் மிச்சமிருந்த குப்பை, விட்டுவிடு.

பழைய கர்னலில், ஃபங்ஷன் திரும்பும் இடத்தில் மதிப்பைப் பிடிக்கும் கே-ரெட்-ப்ரோப்தான் வழி. அங்கே ஒரு பொறி இருக்கிறது. இன்ட் (முழு எண்) திருப்பும் ஃபங்ஷனில் மைனஸ் 117 பெரும்பாலும் 0xffffff8b என்று, அதாவது தசமத்தில் 4294967179 என்று, தெரியும், ஏனென்றால் அது 32 பிட் எண், படிப்பதோ 64 பிட் ரெஜிஸ்டர். வகையை எஸ்32 (மைனஸும் வரக்கூடிய 32 பிட் எண்) என்று சொல்லிவிட்டால் சரியாகும். பாயின்டர் (நினைவக முகவரி) திருப்பும் ஃபங்ஷனில் பிழை எண் முகவரி வெளியின் கடைசி 4095 இடங்களுக்குள் ஒளிந்திருக்கும்.

உன் ட்ரேஸில் நான் தேடச் சொல்வது 117ஐ அல்ல, 116ஐ. டைரக்டரி என்ட்ரி (ஃபைல் பெயரின் பதிவு) சுட்டும் ஐநோடின் லிங்க் கவுன்ட் (அதைச் சுட்டும் பெயர்களின் எண்ணிக்கை) பூஜ்யமாக இருந்தால், ஐநோடைப் படிக்கும் ஃபங்ஷன் மைனஸ் 116 தருகிறது. அதை வாங்கும் லுக்கப் (பெயரைத் தேடும்) ஃபங்ஷன், அழிக்கப்பட்ட ஐநோடைச் சுட்டுகிறது என்று லாக்கில் எழுதிவிட்டு, 117ஆக மாற்றி மேலே அனுப்புகிறது. புரோகிராமுக்கு வந்துசேரும் பிழையைக் காட்டும் எஸ்ட்ரேஸில் நீ பார்ப்பது மாற்றிய எண்ணைத்தான். ஃபைல் சிஸ்டத்தின் உள்ளே பார்க்க உதவும் டீபக்எஃப்எஸ்ஸில் அந்த ஐநோடை ஸ்டாட் செய்து லிங்க் எண்ணிக்கையைப் பார், உறுதியாகிவிடும்.

அப்படியே இருந்தால், டிஸ்க்கில் பிட் கெட்டுப்போனது என்று நான் நினைக்க மாட்டேன். மெட்டாடேட்டா செக்சம் (தரவு மாறியிருக்கிறதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) இயக்கத்தில் இருந்து ஐநோடு கெட்டிருந்தால் உனக்கு 74 என்ற பிழை எண் வந்திருக்கும். செக்சம் சரியாக இருந்தும் என்ட்ரியும் ஐநோடும் ஒத்துப்போகவில்லை என்றால், எழுதச் சொன்ன ஏதோ ஒரு பிளாக் டிஸ்க்கைச் சேராமலே போயிருக்க வாய்ப்பு அதிகம். பழைய பிளாக்கின் செக்சம் அதற்குச் சரியாகவே இருக்கும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. டிஸ்க் கன்ட்ரோலரின் ரைட் கேஷையும் (எழுத வேண்டியதைத் தற்காலிகமாக வைத்திருக்கும் இடம்), மின்சாரம் போன நேரங்களையும் முதல் பிழையின் நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்.

ஃபங்ஷன் பெயரையும் வரி எண்ணையும் அனுப்பும்போது கர்னல் பதிப்பை முழுதாக எழுது. பதிப்பு மாறினால் அந்த வரியில் வேறு நிரல் இருக்கும்.

அன்புடன்,
குமரன்