பெட்டி தூக்கியவர்களுக்கும் கையெழுத்துப் போட்டவர்களுக்கும்

எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் மகள் கண்டியில் ஆறாம் தரத்தை முடித்துவிட்டு இப்போது ஏழாம் தரத்தில் இருக்கிறாள். படிப்பித்த டீச்சர்மாருக்கும் விடுதியில் கூட இருந்த அக்காமாருக்கும் அவளே கையால் கார்ட் செய்து கொடுத்துவிட்டாள். அது அவள் கணக்கு. இந்த மடல் எங்களுக்கு உதவியவர்களுக்கு. பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போனால் பிள்ளை பழகுமா என்றுதான் ஊரே கேட்டது. பிள்ளை முதல் தவணைக்குள்ளேயே பழகிவிட்டாள். நானும் அவள் அப்பாவும் அப்பாயியும்தான் வருஷம் முழுக்க இழுத்தடித்தோம். எங்களைப் பழக்கி எடுத்தவர்கள் நிறையப் பேர்.

பெயர் போட வேண்டாம் என்று சிலர் சொன்னதால் யார் பெயரையும் போடவில்லை. வாசிக்கும்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

எங்களைத் தெரியாதவர்களுக்கு: ஹட்டனிலிருந்து மேலே ஏறிப் போகிற ஒரு தேயிலைத் தோட்டம் எங்களுடையது. வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் நான் பொறுப்பாக இருக்கிறேன். வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை. மாமி, அதாவது மகளின் அப்பாயி, கொழுந்தெடுத்து ஓய்வுபெற்றவர். மகள் எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில்தான் ஐந்தாம் தரம் வரை படித்தாள்.

முதல் நன்றி ஐந்தாம் தரத்துச் சேருக்கு. 2024 செப்டெம்பரில் நடந்த ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் கதை எல்லோருக்கும் தெரியும். கேள்விகள் முன்கூட்டியே வெளியே போய், வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று, பெறுபேறு 2025 ஜனவரியில்தான் வந்தது. வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்துவிட்டாள் என்றதும் லயத்தில், எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளில், வெடி கொளுத்தினார்கள். அன்று பின்னேரமே சேர் வீட்டுக்கு வந்து, வெடிச் சத்தத்துக்கு நடுவில் எங்களை உட்கார வைத்து விளக்கினார். மாவட்ட வெட்டுப்புள்ளி என்பது உதவிப்பணத்துக்கு. பெரிய பள்ளிக்கூடங்களுக்கு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வெட்டுப்புள்ளி இருக்கிறது, அது இன்னும் மேலே. இது எங்கள் லயத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. எந்தப் பள்ளிக்கூடம் கேட்கலாம், எதை முதலில் போடுவது என்று பென்சிலால் எழுதிக் காட்டினார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார்: "பிள்ளை இருப்பாள். நீங்க ரெண்டு பேரும் இருப்பீங்களா?" நாங்கள் உடனே தலையாட்டினோம். அவர் நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது. சேர், நீங்கள் நினைத்தது சரிதான்.

கண்டியில் இடம் கிடைத்த கடிதம் வந்தபோது அங்கே ஆறாம் தர வகுப்புகள் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தன. புலமைப்பரிசிலில் வரும் பிள்ளைகள் எப்போதும் பிந்தித்தான் போய்ச் சேருவார்கள். விடுதி விண்ணப்பத்தில் கண்டியில் வசிக்கும் ஒரு பாதுகாவலரின் பெயரும் கையெழுத்தும் வேண்டும் என்று இருந்தது. பிள்ளைக்கு இரவில் காய்ச்சல் என்றால் ஹட்டனிலிருந்து நாங்கள் போய்ச் சேரும் வரை யார் வருவது, நியாயம்தானே. ஆனால் கண்டியில் எங்களுக்கு யார் இருக்கிறார்கள்? சொந்தக்காரர் ஒருவர் இருந்தார். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார், இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். அது போகட்டும்.

கையெழுத்துப் போட்டது கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையில் இருக்கும் நானாவும் அவர் மனைவி தாத்தாவும் (முஸ்லிம் வீடுகளில் அண்ணனை நானா என்றும் அக்காவைத் தாத்தா என்றும் கூப்பிடுவார்கள்). வீட்டுக்காரரோடு கடையில் வேலை செய்பவரின் சகோதரி குடும்பம். அதற்கு முன் எங்கள் முகத்தையே பார்த்ததில்லை. நாங்கள் அங்கே போனபோது தாத்தா விண்ணப்பத்தை வாசிக்கக்கூட இல்லை. "சாப்பிட்டீங்களா? பிள்ளைக்கு என்ன பிடிக்கும்?" என்றுதான் கேட்டார். நானா மட்டும் கண்ணாடி போட்டு ஒவ்வொரு வரியாக வாசித்தார். வாசித்து முடித்து, தன் தொலைபேசி இலக்கத்தோடு மனைவியின் இலக்கத்தையும், கேட்காமலே மூத்த மகனின் இலக்கத்தையும் எழுதினார். அந்த மூன்று இலக்கமும் எங்கள் வீட்டுக் கலண்டரில் இன்னும் இருக்கிறது. கலண்டர் மட்டும் மாறியிருக்கிறது.

மேல் டிவிசன் அக்காவுக்கு அடுத்து. அவர் மகள் இதே மாதிரி விடுதியில் இருந்து படித்து இப்போது பல்கலைக்கழகத்தில். விடுதியில் தந்த பொருட்பட்டியலைப் பார்த்து நான் பயந்துபோயிருந்தேன். தகரப் பெட்டி, பூட்டு, வெள்ளைப் படுக்கை விரிப்பு, சப்பாத்து இரண்டு சோடி, இன்னும் ஒரு பக்கம். பாடப் புத்தகமும் சீருடைத் துணியும் அரசாங்கம் தருகிறது, சரி. மற்றதெல்லாம்? 2024இல் தோட்டத்து நாள் சம்பளம் 1350 ரூபாய் ஆனது என்று சொல்கிறார்கள். முழுப் பேர், அதாவது முழு நாள் வேலை என்ற பதிவு, விழுந்தால்தான் அந்தக் காசு. மழைக்காலத்தில் எத்தனை பேர் விழும் என்று கொழுந்து எடுக்கிறவர்களைக் கேட்க வேண்டும். அக்கா பட்டியலை வாங்கி, பேனையால் பாதியை வெட்டிவிட்டார். தன் மகளின் பெட்டியை லயத்துப் பரணிலிருந்து இறக்கித் தந்தார். அதில் பழைய பெயரைச் சுரண்டிவிட்டு எங்கள் மகளின் பெயரை எழுதினோம். இரண்டு பெயரும் சேர்ந்துதான் தெரிகிறது, அவளுக்கு அது பிடித்திருக்கிறதாம். சட்டைகளில் பெயர் தைக்க வேண்டும் என்பதும், நூல் சிவப்பாக இருந்தால் சலவையில் வெள்ளைச் சட்டை கெட்டுப்போகும் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். பட்டியலில் இல்லாத ஒன்றையும் வாங்கச் சொன்னார்: முகவரி எழுதி முத்திரை ஒட்டிய கடித உறைகள். போன் வரிசையில் அழுதுகொண்டு நிற்பதைவிட எழுதினால் பிள்ளைக்கு ஆறும் என்றார். வந்த கடிதங்களைப் பார்த்தால் ஆறியது போலத்தான் தெரிகிறது. பாதிக் கடிதத்தில் சாப்பாட்டைப் பற்றித்தான் எழுதியிருந்தாள்.

கொழும்புக் கடை முதலாளி முன்பணம் தந்தார். வசதிக் கட்டணமும் விடுதி முற்பணமும் அதில்தான் கட்டினோம். மாதா மாதம் கழிக்கிறார், ஒரு மாதம் மாமிக்கு மருந்து வாங்க வேண்டியிருந்தபோது கழிக்கவில்லை. பார்க்க விடும் ஞாயிறுகளில் வீட்டுக்காரருக்கு லீவு தர அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. நன்றி ஐயா.

இனி விடுதி மேட்ரன். அவரைப் பற்றி நீளமாகவே எழுத வேண்டும். முதல் கிழமை நான் அவருக்கு எத்தனை தடவை போன் எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. ஒரு தடவை, மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்கத் தொடங்கி நானே அழுதுவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பிள்ளை அழுதா நான் பாத்துக்குவேன். நீங்க அழுதா நான் யார்கிட்ட சொல்றது?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஓர் ஒழுங்கு வைத்தார். கிழமையில் ஒரு நாள், அவர் சொன்ன நேரத்தில் மட்டும் போன். மற்ற நாட்களில் ஏதாவது என்றால் அவரே எடுப்பார். எடுக்காவிட்டால் ஒன்றும் இல்லை என்று அர்த்தம். கொஞ்சம் கொஞ்சமாக, போன் வராத நாட்களில் நான் நிம்மதியாகத் தூங்கப் பழகினேன்.

பார்க்கப் போகும் ஞாயிறுகளில் அப்பாயி விடியவே எழும்பி ரொட்டியும் கட்டச் சம்பலும் கட்டித் தருவார். முதல் தடவை மகள் ஒருத்திக்குத்தான் கொண்டுபோனோம். மேட்ரன் பார்சலை வாங்கிப் பிரித்து, அந்த அறையில் இருந்த எல்லாப் பிள்ளைகளையும் கூப்பிட்டார். ஆளுக்கு ஒரு துண்டு. எங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த தடவையிலிருந்து அப்பாயி ஓர் அறைக்கே ரொட்டி தட்டுகிறார். அந்த அறையில் சிங்களப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அப்பாயியின் சம்பலுக்கு இப்போது சிங்களத்தில் பாராட்டு வருகிறது. எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் மொழி என்று புத்தகத்தில் மட்டும் இருந்த சிங்களம், மகளுக்கு வாளிக்கும் சவர்க்காரத்துக்கும் சண்டை பிடித்தே வந்துவிட்டது.

படிப்பு விஷயத்தில் நாங்கள் ஆடிப்போனது முதல் தவணைப் பரீட்சையில். தோட்டப் பள்ளிக்கூடத்தில் எப்போதும் முதலாம் பிள்ளை. அங்கே 31ஆம் பிள்ளை. அவள் அப்பா அறிக்கையைப் பார்த்துவிட்டு, "கூட்டிக்கொண்டு வந்துவிடுவோம்" என்றார். நான் மறுத்தேன், ஆனால் உள்ளுக்குள் எனக்கும் அந்த எண்ணம் இருந்தது. பெற்றோர் கூட்டத்தில் கணித டீச்சர் மகளின் விடைத்தாளை எங்கள் முன்னால் விரித்தார். விடைகள் பெரும்பாலும் சரி. ஆனால் செய்கை வழி இல்லை, நேராக விடை மட்டும். "புலமைப்பரிசில் பிள்ளைகள் எல்லாருக்கும் இந்தப் பழக்கம் இருக்கு" என்றார். முதலாம் வினாத்தாளில் ஒரு மணித்தியாலத்துக்குள் 40 கேள்விக்குக் கோடு கீறிக் கீறி, மனதில் கணக்குப் போட்டு விடையைப் பிடிக்கப் பழகிவிடுகிறார்கள். இங்கே படி படியாக எழுதினால்தான் புள்ளி. "மூளையில ஒண்டும் குறையில்ல. கைதான் பழக வேணும். ரெண்டு தவணை தாங்க."

அந்த இரண்டு தவணையைத் தருவதுதான் எங்களுக்குப் பெரிய வேலையாக இருந்தது. டீச்சர், அதற்குப் பிறகு வந்த அறிக்கையில் எத்தனையாம் பிள்ளை என்று நாங்கள் இப்போது யாருக்கும் சொல்வதில்லை. கணிதத்தில் வழிக்குப் புள்ளி விழத் தொடங்கியிருக்கிறது, அது போதும். அப்பாவும் அதன் பிறகு கூட்டிக்கொண்டு வரும் பேச்சை எடுக்கவில்லை.

பிள்ளைக்காம்பராவுக்குக் குழந்தைகளைக் கொண்டுவரும் தாய்மார்களே, உங்களையும் விடவில்லை. என் பிள்ளையைத் தூரத்தில் விட்டுவிட்டு உங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நின்ற நாட்களில், என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, காலை மலைக்கு ஏறும் அவசரத்திலும் நின்று ஒரு வார்த்தை கேட்டீர்கள். "பெரிய பள்ளிக்கூடத்து அம்மா" என்று கேலியும் செய்தீர்கள். இரண்டுமே தேவைப்பட்டது.

கடைசியாக அந்த நவம்பர். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது எங்கள் பக்கத்தில் மண்சரிவு, கண்டிப் பக்கத்தில் மண்சரிவும் வெள்ளமும். மலையக ரயில் பாதை பல இடத்தில் உடைந்தது, கண்டிக்குப் போகும் வீதிகளும் மூடிக்கிடந்தன. தோட்டத்தில் கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை. மகள் அங்கே, நாங்கள் இங்கே, அவள் அப்பா கொழும்பில். போன் வராவிட்டால் ஒன்றும் இல்லை என்று அர்த்தம் என்ற மேட்ரனின் ஒழுங்கு அந்த நாட்களில் மட்டும் வேலை செய்யவில்லை.

நடந்ததைப் பிறகுதான் கோர்த்துப் பார்த்தோம். கட்டுகஸ்தோட்டையில் நானா வீட்டு வீதிவரை மகாவலித் தண்ணீர் வந்திருந்தது. அவர் சாமான்களை மாடிக்கு ஏற்றிவிட்டு, மகனையும் கூட்டிக்கொண்டு, வாகனம் போகாத இடங்களில் நடந்து விடுதிக்குப் போயிருக்கிறார். வீட்டுக்குப் போக முடியாத பிள்ளைகளை மேட்ரன் ஒரே மண்டபத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் வீட்டில் என்ன நிலைமை என்று தெரியாமலே அவர் அங்கே நின்றார் என்பதை மகள் சொல்லித்தான் அறிந்தோம். நானா மகளைக் கண்ணால் பார்த்துவிட்டு, சிக்னல் கிடைத்த இடத்திலிருந்து கொழும்புக்கு எடுத்துச் சொன்னார். அப்பாவால் எங்களைப் பிடிக்க முடியவில்லை. ஹட்டனில் ஆட்டோ ஓட்டும் ஒரு தம்பியின் இலக்கம் அவரிடம் இருந்தது. அந்தத் தம்பி ஆட்டோ போகும் வரை ஓட்டி, மீதித் தூரம் இடிந்த பாதையில் நனைந்துகொண்டு ஏறி வந்து, லயத்து வாசலில் நின்று, "அக்கா, பிள்ளை நல்லா இருக்கா, சாப்பிட்டாளாம்" என்றார். அப்பாயி அவரைக் கட்டிப்பிடித்து அழுததில் அவர் வெட்கப்பட்டுப்போனார்.

நானா, தாத்தா, மேட்ரன் அம்மா: உங்களுக்கு நேரில் வந்து சொன்னோம், இங்கே எல்லோர் முன்னாலும் இன்னொரு தடவை சொல்கிறோம். நன்றி.

இந்த வருஷம் விடுதிக்குப் பிள்ளை அனுப்பும் வீடுகள் இருந்தால் பட்டியலை எடுத்துக்கொண்டு வாருங்கள். எதை வெட்டலாம் என்று இப்போது எனக்கும் தெரியும். பெட்டி மட்டும் இன்னும் சில வருஷத்துக்குக் கிடைக்காது.

அப்புறம், ஆட்டோத் தம்பி, அன்று வாடகைக் காசைத் திண்ணையில் வைத்துவிட்டு ஓடிவிட்டீர்கள். அது அப்பாயியின் சீலை முடிச்சில் அப்படியே இருக்கிறது. வேறு யார் கேட்டாலும் தர மாட்டாராம். தோட்டத்துப் பக்கம் வந்தால் வாங்கிக்கொண்டு போகவும்.

இப்படிக்கு,
ஏழாம் தரத்துப் பிள்ளையின் அம்மா, அப்பா, அப்பாயி