பாதிச் சத்தம்

மண்டபம்,
ஜூலை, ஞாயிறு

அன்புள்ள பங்காளிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் கிடங்கிலிருந்து ஆள் வந்து நிற்கிறான். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. கச்சான் காற்று வீட்டுக்குள் மணலைக் கொட்டுகிறது. மற்ற செய்தியெல்லாம் கிடங்கின் மீன் அறையைக் குளிரவைக்கும் கம்ப்ரஸரைப் பற்றித்தான். அலுக்காமல் கேட்க உன்னைவிட்டால் எனக்கு ஆளில்லை.

மீன்பிடித் தடைக்காலம் உனக்குத் தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் கிடக்கும். அந்த 61 நாளும் மீன் அறைக்குள் நாட்டுப்படகுக்காரர்கள் தரும் நாலு கூடை நகரை மீனும் கொஞ்சம் கணவாயும்தான். மிஷினோ அறை நிறைந்தால் தாங்குகிற மிஷின். அறைக்குள் குளிர் தரும் காயிலில், திரவமாக வரும் கேஸ் கொதிக்கப் போதுமான வெப்பம் இல்லை. கம்ப்ரஸர் கேஸை உறிஞ்சும் பக்கத்தில், அதாவது சக்ஷனில், அழுத்தம் விழுகிறது. அழுத்தம் குறைந்தால் வேலை செய்யும் லோ பிரஷர் கட்-அவுட் மிஷினை நிறுத்துகிறது. சற்று நேரத்தில் அழுத்தம் ஏறி மறுபடி ஓடுகிறது. ஒரு மதியம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எண்ணினேன். மணிக்குப் பதினாறு முறை! ஒவ்வொரு முறையும் மோட்டார் ஏறக்குறைய ஆறு மடங்கு மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டுதான் கிளம்புகிறது. அதைவிடக் கவலை, கம்ப்ரஸரின் உராய்வைத் தணிக்கும் ஆயில். கேஸோடு போன ஆயில் காயிலைச் சுற்றித் திரும்புவதற்குள் மிஷின் நின்றுவிடுகிறது. ஆயில் மட்டம் காட்டும் சைட் கிளாஸில் அடியில் ஒரு கீற்றுதான் தெரிந்தது.

முதலாளி வெளியூரிலிருந்து ஒருவரை அழைத்துவந்தார். அவர் ஹாட் கேஸ் பைபாஸ் போட்டுவிட்டுப் போனார். கம்ப்ரஸரிலிருந்து சூடான கேஸ் வெளியேறும் டிஸ்சார்ஜிலிருந்து ஒரு குழாயைப் பிரித்து, காயிலுக்குள் திரவத்தை அளந்துவிடும் எக்ஸ்பேன்ஷன் வால்வைத் தாண்டிக் காயிலின் வாயில் சேர்த்தார். நின்று நின்று ஓடுவது அடங்கியது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அடுப்பை முழுவீச்சில் எரியவிட்டு, உலை பொங்கும்போதெல்லாம் தண்ணீர் தெளிக்கிற சமையல் அது. மின்கட்டணம் வந்ததும் முதலாளி என்னைப் பார்த்த பார்வை! போட்டவன் நானில்லையே.

நம்முடையது நாலு சிலிண்டர் கம்ப்ரஸர் அல்லவா? கணக்குப் போட்டுக் காட்டி, ஒரு பக்கத்து இரண்டு சிலிண்டரின் மூடியான ஹெட்டை மாற்றி அன்லோடர் வைக்கச் செய்தேன். சுமை குறைந்தால் சொலினாய்டு என்கிற மின்வால்வு வேலை செய்து அந்த இரண்டு சிலிண்டருக்குப் போகும் கேஸை அடைத்துவிடும். பிஸ்டன்கள் வெறுமனே ஏறி இறங்கும். முதல் நாள் ஒரு ‘டக்’, அப்புறம் இரைச்சல் அப்படியே தணிந்தது. வாட்ச்மேன் மிஷின் நின்றுவிட்டது என்று ஓடிவந்தான். 31 ஆம்பியர் 19-க்கு இறங்கியிருந்தது. குளிர் பாதியானாலும் மின்சாரம் பாதியாகவில்லை. உராய்வு எங்கே போகும்?

இப்போது படகுகள் வாரத்தில் மூன்று நாள் போகின்றன. முழுசும் அல்ல, பாதியும் அல்ல என்கிற நாள்களே அதிகம். அன்லோடரிலோ இரண்டே படி. முதலாளிக்கு மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் டிரைவ் மேல் ஆசை வந்துவிட்டது. வேகத்தைக் குறைத்தால் குளிர் அதே அளவில் குறையும், அது சரி. எனக்குப் பயம் நம் சக்ஷன் குழாயை நினைத்துத்தான். 4 மீட்டர் நெட்டாக ஏறுகிறது. வேகம் குறைந்த கேஸுக்கு ஆயிலை அவ்வளவு உயரம் தூக்கிவரத் தெம்பிருக்குமா?

உங்கள் மஸ்கட் கடையில் எத்தனை ஹெர்ட்ஸ் வரை இறக்குகிறீர்கள்? ஏறும் குழாயை மெல்லியதும் தடித்ததுமாக இரண்டாகப் பிரிக்கச் சொல்வாயா, டிரைவே வேண்டாம் என்பாயா? முதலாளி பத்து நாள்தான் தவணை கொடுத்திருக்கிறார்.

வரும்போது சைட் கிளாஸுக்கு நாலு ஓ-ரிங் எடுத்து வா. கீழக்கரைத் தொதல் நான் வாங்கி வைக்கிறேன்.

உன்,
மண்டபத்தான்