முருங்கை நடலாமா?

வெள்ளவத்தை, கொழும்பு

அன்புள்ள மகளுக்கு,

"யாருடைய காணியில் அப்பா மண்வெட்டி பிடிக்கிறீர்கள்? எழுத்து ஏதும் இருக்கிறதா?" என்று தொலைபேசியில் கேட்டாய். விரிவாகச் சொல்ல வேண்டிய விடயம் என்பதால் எழுதுகிறேன்.

நம் ஒழுங்கையின் கடைசியில் தகரவேலி அடைத்த வெறும் வளவு நினைவிருக்கும். எட்டுப் பேர்ச். உரிமையாளர் இலண்டனில். 2022 இல் மரக்கறி விலை ஏறியபோது, பயிர் செய்யுங்கள் என்று அரசு ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்தார்கள். மாடிவீட்டில் இருக்கும் நமக்கு முதலில் மண் வேண்டுமே! நான் எந்தக் கந்தோருக்கும் போகவில்லை. சந்திப் பலசரக்குக் கடை ஐயாவிடம் கேட்டேன். அந்த வளவின் திறப்பு அவரிடம்தான் இருந்தது.

உரிமையாளருக்கும் கவலை இருந்தது. வேலிக்கு மேலால் குப்பை எறிகிறார்கள், மழைநீர் தேங்குகிறது, டெங்கு நுளம்பு பெருகினால் 2007 ஆம் ஆண்டுச் சட்டப்படி வழக்கு அவர்மேல்தான் வரும். "துப்புரவாக வைத்திருங்கள், அது போதும்" என்றார். அதுதான் என் குத்தகை. சனிக்கிழமைகளில் கடை ஐயாவுக்கு ஒரு பிடி பொன்னாங்காணி.

எழுத்து இருக்கிறது, மகள். ஆனால் அது எனக்குக் காவல் இல்லை, உரிமையாளருக்குக் காவல். உரிமையாளரின் அனுமதியில்லாமல், தன்னுடையதைப் போலவே ஒருவன் தனியார் காணியைப் பத்து வருடம் ஆண்டால் அவன் உரிமை கோரலாம் என்று 1871 இலிருந்து சட்டம் இருக்கிறது. கடல் கடந்து இருப்பவர் பயப்படுவது நியாயம். அதனால் "காணி உங்களுடையது, உங்கள் அனுமதியில் நிற்கிறேன், கேட்டதும் விடுவேன்" என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். உனக்குக் கோபம் வரும். அந்தத் தாள் இல்லாமல் வேலி திறந்திருக்காது.

என்னைவிடக் கால்வாயோரத்தில் கங்குன் கீரை போடும் சிங்களப் பெரியவரை நினைத்துத்தான் மனம் நோகிறது. முன்பு அங்கே பயிர் செய்தவர் ஊருக்குத் திரும்பும்போது வாளியோடும் மண்வெட்டியோடும் அந்த இடத்தைக் கைமாற்றிவிட்டுப் போனாராம். அரசுக் காணிக்கு அந்தப் பத்து வருடக் கணக்குச் செல்லாது. நாளைக்கே எழும்பச் சொன்னால் எழும்ப வேண்டும். ஆகவே ஒரு மாதத்துக்குள் அறுக்கக்கூடியதைத்தான் நடுகிறார். நாளை யாருக்கோ போகும் மண்ணுக்கு எப்படி மனமார மாட்டெரு போடுவார்? ஒரு போகத்துக்காவது அனுமதித் துண்டு ஒன்று கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? அவர் கீரையைத்தானே இந்த ஒழுங்கை முழுக்கத் தின்கிறோம்.

நானும் இதுவரை கீரைக்கு மேல் எதுவும் நடத் துணியவில்லை. போன கிழமை உரிமையாளர் அழைத்தார். காணி எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு, "மதிலோரம் ஒரு முருங்கை வைக்கலாமே" என்றார்.

நேற்றுக் காலை தடி ஊன்றினேன். துளிர்த்ததும் படம் அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா