பூட்டிய கோப்புகள்: சக ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் கற்பிப்பவன் நான். நாம் ஆக்கும் பாடக் கோப்புகளைத் திருத்தக்கூடிய வடிவில் பகிர்வது பற்றியே இம்மடல். சென்ற தேர்வுக் காலத்தில் வாட்ஸ்அப் குழுவில் வந்த வரைபடப் பயிற்சித்தாள் ஒன்றை, மெல்லக் கற்கும் மாணவர்களுக்காக நகலெடுத்தேன். ஆக்கியவர் தம் பெயரையும் கைப்பேசி எண்ணையும் பக்கத்தின் குறுக்கே சாய்வாகப் பதித்திருந்ததால், நகலில் கோதாவரியும் கிருஷ்ணாவும் கறுப்புக்குள் மறைந்துவிட்டன. திருத்தக்கூடிய கோப்பைக் கேட்டேன். "பிடிஎஃப் மட்டும்தான் சார்" என்று பதில் வந்தது.

அவர்மீது எனக்குக் கோபமில்லை. கண்விழித்துத் தட்டச்சு செய்த வினாத்தொகுப்பு, மறுவாரமே பெயர் நீக்கப்பட்டு ஏதோ ஒரு டியூஷன் மைய முத்திரையுடன் சுற்றி வருவதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். பிழை வெளிப்பட்டுவிடுமோ என்ற கூச்சமும் உண்டு. அதை மட்டும் நாம் வெளியே சொல்வதில்லை.

இவற்றைவிடச் சிக்கலானது, நம் கோப்புகளிலுள்ள படங்கள் பல தனியார் கையேடுகளிலிருந்து வெட்டி ஒட்டப்பட்டவை என்பது. கற்பித்தலின்போது ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பை நகலெடுப்பதற்கு 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விலக்களிக்கிறது; தில்லிப் பல்கலைக்கழக நகலகம் தொடர்பான வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் 2016இல் அந்த விலக்கை விரிவாகவே பொருள்கொண்டது. ஆயினும், அதே படத்தை எவரும் எடுத்தாள இணையத்தில் இடுவதற்கும் அது பொருந்தும் என்று நாமாக எண்ணிக்கொள்ளலாகாது. கோணல்மாணலாக இருந்தாலும் நாமே வரைந்த ஆறு நம்முடையது.

பெயரைக் காப்பதற்குப் பக்கத்தின் குறுக்கே பதிக்கும் முத்திரை தேவையில்லை. ஆக்கியவரே தம் படைப்பைப் பிறர் பயன்படுத்த நிபந்தனையுடன் முன்கூட்டியே அனுமதி தரும் பொது உரிமங்கள் உண்டு; 2002 முதல் புழக்கத்திலுள்ள அத்தகைய கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களுள் ஒன்றை அடிக்குறிப்பில் ஒரு வரியாகச் சேர்த்தால், ஆக்கியவர் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்பது நிபந்தனையாகிவிடும். விற்பனையைத் தடுக்க விரும்புவோருக்கும் அவற்றில் தனி வகை உண்டு. அந்த ஒரு வரி இல்லாத கோப்பில் எல்லா உரிமையும் ஆக்கியவரிடமே நிற்பதால், நல்லெண்ணத்துடன் அதைத் திருத்தும் சக ஆசிரியருக்கும் சட்டப்படி அனுமதி இல்லை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் படிக்க முடியாத பாமினி எழுத்துருவில் உள்ள பழைய கோப்புகளை, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றித் தந்தால் இன்னும் நன்று.

என்னுடைய ஆற்று வரைபடங்களை அத்தகைய உரிமத்துடன், திருத்தக்கூடிய வடிவிலேயே குழுவில் இட்டேன். துங்கபத்திரை கிருஷ்ணாவுடன் கூடும் இடத்தைத் தவறாகக் குறித்திருந்ததை அன்று மாலையே ஓர் ஆசிரியை சுட்டிக்காட்டினார். சற்று வெட்கமாகத்தான் இருந்தது. திருத்திய படத்தையும் அவரே அனுப்பினார். இப்போது அதன் அடியில் எங்கள் இருவர் பெயரும் உள்ளன.

இங்ஙனம்,
சமூக அறிவியல் ஆசிரியர் ஒருவர்