மணியின் அரிப்பும் அந்த ரத்தப் பரிசோதனையும்

அன்புள்ள மகளுக்கு,

நம் நாய் மணி சொறிவதற்காக எடுத்து நீ அனுப்பிய ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தேன். டஸ்ட் மைட், அதாவது தூசிப்பூச்சி அலர்ஜி என்று வந்துவிட்டதால் மெத்தை, திரைச்சீலை, கம்பளம் எல்லாவற்றையும் மாற்றப் போவதாக எழுதியிருக்கிறாய். கொஞ்சம் பொறும்மா. அரிப்பே இல்லாத நாய்க்கும் இந்தப் பரிசோதனை பாசிட்டிவ் காட்டும். சொறிப்பூச்சி பிடித்த நாய்க்கும் காட்டும். தூசிப்பூச்சியும் சொறிப்பூச்சியும் நெருங்கிய சொந்தம் என்பதால் ரத்தம் பிரித்துச் சொல்லாது. அலர்ஜிப் பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி உடலைப் பழக்கும் அலர்ஜி ஊசியில் எதைச் சேர்ப்பது என்று முடிவு செய்யத்தான் அந்தத் தாள். நோய் என்னவென்று அது சொல்லாது.

ஆகவே முதலில் தெள்ளுப்பூச்சியை ஒழி. ஐசாக்ஸசோலின் வகை மாத்திரை தெள்ளு, சொறிப்பூச்சி இரண்டையும் கொல்லும். அது சில நாய்க்கு வலிப்பைத் தூண்டலாம்; மணிக்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் டாக்டரிடம் முன்பே சொல்லிவிடு. அதற்குப் பிறகும் சொறிந்தால் 8 வாரம் டாக்டர் சொல்லும் ஒரே உணவு. பலர் தோற்பது இங்கேதான். ஒரு பிஸ்கட்டோ, சுவையூட்டிய மாத்திரையோ உள்ளே போனால் அத்தனை வாரமும் வீண். அரிப்பு குறைந்தால் பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பார். மறுபடி சொறிந்தால் குற்றவாளி உணவு.

இதையெல்லாம் தாண்டியும் வருடம் முழுக்கப் பாதம் நக்கி, காது, அக்குள், வயிறு சிவந்தால் அப்போது தூசிப்பூச்சியைப் பிடி. அது கால் மில்லிமீட்டர் அளவுதான், கடிக்காது. உதிர்ந்த தோல் செதிலைத் தின்று வாழும். அதன் கழிவிலும் செத்த உடலிலும் உள்ள புரதம் தோலில் படுவதுதான் தொல்லை. தண்ணீர் குடிக்காது; காற்றின் ஈரத்தை உறிஞ்சியே பிழைக்கும். அறையின் ஈரப்பதம் தொடர்ந்து 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் காய்ந்து சாகும். பூச்சி ஸ்ப்ரேயைவிட, காற்றின் ஈரத்தை அளக்கும் ஈரமானி வாங்குவது நல்லது. பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து கலந்த ஸ்ப்ரே பூனைக்கு விஷம், அதையும் நினைவில் வை.

மணியின் படுக்கைக்குக் கழற்றித் துவைக்கும் உறை போடு. வாரம் ஒரு முறை 60 டிகிரி வெந்நீரில் துவை. குளிர்ந்த நீர் கழிவை அலசும், பூச்சியைக் கொல்லாது. ஃப்ரீசரில் வைத்தால் பூச்சி சாகும், கழிவு அப்படியே இருக்கும். அதனால் பிறகு துவைத்தாக வேண்டும். நுண்தூசியையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் இல்லாத வேக்யூம் தூசியைக் காற்றில் கிளப்பிவிடும். சுத்தம் செய்யும்போதும் தூசி அடங்கும்வரையும் அவனை வேறு அறையில் வை. உலர் தீவனத்திலும் வேறு வகைப் பூச்சி வளரும்; சிறிய பையாக வாங்கி இறுக மூடி வை.

வாரம் ஒரு குளியல், வெதுவெதுப்பான நீரில். ஷாம்பு 10 நிமிடம் தோலில் ஊற வேண்டும், அவன் எவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்தாலும்.

மருந்தில், அரிப்பை அடக்கும் ஓக்ளாசிட்டினிப் மாத்திரை சீக்கிரம் கேட்கும். கிலோவுக்கு 0.4 முதல் 0.6 மில்லிகிராம், முதலில் தினம் இரண்டு வேளை, அதுவும் 14 நாளுக்கு மேல் வேண்டாம். பிறகு ஒரு வேளை. 12 மாதம் நிரம்பாத நாய்க்குக் கொடுக்கக் கூடாது. ஸ்டீராய்டும் கேட்கும், ஆனால் தாகம், பசி, சிறுநீர் எல்லாம் கூடும். அலர்ஜி ஊசிதான் நீண்ட கால வழி. பலன் தெரிய ஒரு வருடம்கூட ஆகலாம், மூன்றாம் மாதத்தில் அலுத்து நிறுத்திவிடாதே. உன் சளி மாத்திரையை மட்டும் கொடுக்காதே. அதில் சூடோஎஃபெட்ரின் என்ற மூக்கடைப்பு மருந்து இருந்தால் உயிருக்கே ஆபத்து.

காதில் நாற்றமும் பழுப்பு அழுக்கும் இருப்பதாக எழுதியிருந்தாயே, அது ஈஸ்ட் என்ற பூஞ்சையாக இருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் எந்த அலர்ஜி மருந்துக்கும் அரிப்பு அடங்காது. அடுத்த முறை போகும்போது காதிலிருந்தும் விரலிடுக்கிலிருந்தும் அழுக்கை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்.

அன்புடன்,
அப்பா