அரிசி கொடுக்கக் கதை எதற்கு?

பர்மாவின் மோல்மீனில் எங்கள் கோயில் நிவாரணக் குழுவை நடத்தும் அறங்காவலர் ஐயாமார்களுக்கு,

வணக்கம். மண்டபத்தில் அரிசி வாங்க வருகிறவர்களைப் பதிவேட்டில் எழுதுகிறவள் நான். 2024 ஏப்ரலில் தாய்லாந்து எல்லையிலுள்ள மியாவடியில் சண்டை மூண்டபோது தொடங்கிய வேலை. கரேன் மாநிலத்திலிருந்து வருகிறவர்களிடம் பெயர், ஊர், எத்தனை பேர் என்று பர்மிய மொழியில் கேட்டு எழுதுவேன். அதில் ஒரு சிரமமும் இருக்கவில்லை. பிறகு, நன்கொடை கொடுப்பவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று நான்காவதாக ஒரு கட்டம் போட்டீர்கள்: ‘என்ன நடந்தது?’

அந்தக் கட்டம் இரண்டு அங்குல அகலம். பெற்றவள் அதற்குள் அடக்கிச் சொல்வாளா? பதுங்குகுழிக்கு ஓடும்போது எந்தப் பிள்ளையின் கை நழுவியது என்பதில் தொடங்கி, மறுநாள் கிடைத்த ஒற்றைச் செருப்பு வரை சொல்வாள். ‘குண்டுவீச்சு, ஒரு குழந்தை’ என்று எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவேன். எழுதாத மிச்சம் என்னோடு வீட்டுக்கு வரும்.

என் கூரை மேல் ஒரு குண்டும் விழுந்ததில்லை. ஆனாலும் விமானச் சத்தம் கேட்டால் அடுப்பை அணைத்துவிட்டு, மகனை எங்கே ஒளித்துவைப்பது என்று தேடுகிறேன். கோயில் முன்வாசலில் சின்னச் செருப்புகள் கிடக்கும். அதனால் பின்வாசல் வழியாக வருகிறேன். வேலையில் கவனமில்லை என்று உங்களில் ஒருவர் கடிந்துகொண்டாரே, அந்த மாதம் முழுக்க நான் சரியாக உறங்கியதில்லை.

மனத்தில் திடமில்லாதவள் என்றுதான் நானும் என்னை நினைத்திருந்தேன். ஆனால் துயரப்பட்டவர்களுக்கு வரும் கெட்ட கனவும் திடுக்கிடலும் ஒதுங்கிப்போதலும் அவர்களுக்கு உதவுகிறவர்களுக்கும் வரும் என்று அமெரிக்க உளவியலாளர் சார்லஸ் ஃபிக்லி 1995-இலேயே நூல் கொண்டுவந்திருக்கிறார். வேலையின் பொருட்டுக் கொடுமைகளின் விவரங்களுக்குத் திரும்பத் திரும்ப ஆளாவதும், பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மன அழுத்த நோய்க்குக் (PTSD) காரணமாகலாம் என்று 2013-இல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடும் ஒப்புக்கொள்கிறது.

“1942-இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்தபோது நம் சனங்கள் அசாம் வரை நடக்கவில்லையா? அப்போது மனசுக்கு வைத்தியம் யார் கேட்டார்கள்?” என்பார் நம் பெரியவர் ஒருவர். உண்மைதான், யாரும் கேட்கவில்லை. வழிநெடுகப் பிணங்களைத் தாண்டி வந்தவர்களுக்கு முகாம்களில் கஞ்சி ஊற்றியவர்கள் பிறகு எப்படி உறங்கினார்கள் என்றும் யாரும் கேட்கவில்லை.

நான்காம் கட்டத்தை எடுத்துவிடுங்கள். தலைக்கணக்கு போதும், கதையை விலையாக வாங்கிக்கொண்டு அரிசி போடுவது அன்னதானமா? சொல்லித்தான் ஆற வேண்டும் என்பவர்களுக்கு, கேட்கப் பயிற்சி பெற்ற ஒருவரைத் தனியே உட்கார வையுங்கள். எனக்கு மாற்றாள் ஒருத்தி வேண்டும். சாம்பார் அண்டா கிளறுகிறவருக்குக் கை வலிக்கும் என்று வாரந்தோறும் ஆள் மாற்றுகிறீர்கள் அல்லவா?

நேற்று ஒரு கிழவர் வந்தார். நான்காம் கட்டத்துக்கு வந்ததும் பேசாமல் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டத்தை வெறுமையாக விட்டு அரிசியை அளந்து கொடுத்துவிட்டேன். மாதக் கணக்குப் பார்க்கும்போது அந்த வரி உங்கள் கண்ணில் படும். முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

இப்படிக்கு,
பதிவேடு எழுதுகிறவள்