ஏலகிரி நடைப்பயணமும் ஜி.பி.எஸ். கருவியும்: ஒன்பதாம் வகுப்புப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஜனவரி மாதக் கடைசிச் சனிக்கிழமை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஏலகிரிக்கு அழைத்துச் செல்கிறோம். மங்களம் கிராமத்திலிருந்து சுவாமிமலை உச்சிக்கு ஏறி இறங்குவது திட்டம். அட்சரேகை, தீர்க்கரேகை என்று புத்தகத்தில் படித்ததைப் பிள்ளைகள் காலால் நடந்து அறிய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதற்காகப் பள்ளி நான்கு கையடக்க ஜி.பி.எஸ். கருவிகளை வாங்கியிருக்கிறது. ஆறு பிள்ளைகளுக்கு ஒரு கருவி, உடன் ஓர் ஆசிரியர்.

"பிள்ளை எங்கே நிற்கிறான் என்று வீட்டிலிருந்தே பார்க்கலாமா?" என்று உங்களில் பலர் கேட்டீர்கள். பார்க்க முடியாது. இந்தக் கருவி வானொலிப் பெட்டியைப் போல அலைகளை வாங்கிக்கொள்ளும், எதையும் அனுப்பாது. சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் ஓயாமல் நேரத்தை ஒலிபரப்புகின்றன. அந்த அலை வந்து சேர எடுத்த நேரத்திலிருந்து கருவி தூரத்தைக் கணக்கிடுகிறது. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் கிடைத்துவிட்டால் நாம் நிற்கும் இடமும் உயரமும் தெரிந்துவிடும். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவிகளும் சந்தையில் உண்டு. அவற்றை நம் நாட்டில் அரசின் அனுமதியில்லாமல் பயன்படுத்தக் கூடாது என்பதால் நாங்கள் அந்தப் பக்கமே போகவில்லை. அவசரத் தகவலுக்கு ஆசிரியர்களின் கைபேசி எண்களை ஒப்புதல் படிவத்தில் தந்திருக்கிறோம்.

கைபேசியிலேயே ஜி.பி.எஸ். இருக்கிறதே என்பதும் நியாயமான கேள்விதான். ஆனால் இந்தக் கருவி இரண்டு பென்டார்ச் பேட்டரியில் பகல் முழுவதும் ஓடும், மழையில் நனைந்தாலும் தாங்கும், வேறு எதையும் காட்டிப் பிள்ளையின் கவனத்தை இழுக்காது. ஆகவே மாணவர்கள் கைபேசி கொண்டுவர வேண்டாம்.

சென்ற சனிக்கிழமை பள்ளி மைதானத்தில் முதல் பயிற்சி நடந்தது. ஒரு மாணவி வேப்பமரத்தடியில் நின்று கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிழை 14 மீட்டர் வரை இருக்கலாம் என்று திரை காட்டியது. யாரும் சொல்லாமலே நான்கடி, ஐந்தடியாக வெளியே நகர்ந்து வந்தாள். வெட்டவெளிக்கு வந்ததும் அந்த எண் 4 ஆனது. "இலை மறைக்குது சார்" என்று அவள் கத்தியபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது. இன்னொரு குழு அம்புக்குறியை நம்பி நேராக நடந்து கிணற்றைச் சுற்றியுள்ள கம்பிவேலியில் முட்டி நின்றது. கருவி நேர்கோட்டைத்தான் காட்டும். பாதையை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். மலையில் அந்த நேர்கோட்டின் நடுவே பள்ளம் இருக்கலாம். இதைப் பிள்ளைகள் மைதானத்திலேயே கற்றுக்கொண்டது நல்லதாயிற்று.

எண்களை வாசிப்பதிலும் தடுமாற்றம் இருக்கிறது. ஒரு டிகிரிக்கு 60 நிமிடம், ஆகவே 12.50 டிகிரி என்பது 12 டிகிரி 30 நிமிடம். அதை 12 டிகிரி 50 நிமிடம் என்று பதிந்துவிட்டால் இலக்கு சுமார் 37 கி.மீ. வடக்கே போய்விடும். கணித ஆசிரியை இதற்கென்றே இரண்டு வகுப்புகள் ஒதுக்கியிருக்கிறார்.

ஒவ்வொரு குழுவிடமும் இந்திய நில அளவைத் துறையின் தலப்படமும் (மேடு பள்ளங்களைக் காட்டும் நில வரைபடம்) திசைகாட்டியும் இருக்கும். பேட்டரி தீர்ந்தாலும் காகிதம் தீராது. 1802 ஏப்ரலில் பரங்கிமலையருகே ஆங்கிலேய நில அளவையாளர் லாம்டன் சங்கிலி போட்டு அளக்கத் தொடங்கிய கோட்டிலிருந்து வளர்ந்ததுதான் அந்தப் படங்களின் வரலாறு என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். பழைய தலப்படம், பூமியின் வடிவத்தைக் கணக்கிடும் 'எவரெஸ்ட்' என்னும் பழைய அளவுமுறையில் வரையப்பட்டது. கருவி வேறு அளவுமுறையில் இயங்குவது. கருவியின் அமைப்பை மாற்றாமல் இரண்டையும் ஒப்பிட்டால் இடம் நூறு மீட்டருக்கும் மேல் விலகும். மாற்றும் முறையைக் குழுத் தலைவர்கள் பழகிவிட்டார்கள்.

2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறியவர்கள் மாண்டதை ஒரு தாய் என்னிடம் கண்கலங்கிச் சொன்னார். அந்த அச்சம் எனக்கும் உண்டு. எந்தக் கருவியும் தீயிலிருந்து காப்பாற்றாது. அதனால்தான் கடுங்கோடைக்கு முன்பே போகிறோம். வனத்துறையின் எழுத்துபூர்வ அனுமதி கைக்கு வந்தால் மட்டுமே பேருந்து புறப்படும். மலையை அறிந்த உள்ளூர் வழிகாட்டி முன்னால் நடப்பார். உச்சியை எட்டினாலும் எட்டாவிட்டாலும் பகல் 12 மணிக்குத் திரும்பிவிடுவோம். ஏறும்போது கருவியில் பதிவான தடத்தைப் பார்த்தே பிள்ளைகள் இறங்குவார்கள்.

பிள்ளைக்கு மூச்சுத்திணறல், வலிப்பு, ஒவ்வாமை ஏதேனும் இருந்தால் தயங்காமல் எழுதுங்கள். அதற்காக யாரையும் விட்டுவிட்டுப் போக மாட்டோம். பிடிமானமுள்ள காலணி, முழுக்கைச் சட்டை, இரண்டு லிட்டர் தண்ணீர் கொடுத்தனுப்புங்கள். ஒப்புதல் படிவம் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் வந்து சேர வேண்டும். வரும் சனிக்கிழமை காலை 8 மணிக்கு மைதானத்தில் இரண்டாவது பயிற்சி. முடிந்தவர்கள் வாருங்கள், கருவியை உங்கள் கையில் கொடுத்து உங்கள் பிள்ளையே விளக்குவான், விளக்குவாள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்